கூடு இருந்த இடம்

சென்ற கோடை விடுமுறையில் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அருகே உள்ள சித்தப்பா வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஒரு நாள் காலை, பாறைச் சரிவில் மஞ்சள் தலையும் மஞ்சள் தொண்டையும் கொண்ட சிறு பறவை ஒன்றைக் கண்டேன். "இது மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை" என்றார் சித்தப்பா. பாறையோரப் புதரில் அதன் கூடும் இருந்தது.

மகிழ்ச்சி தாங்காமல் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரிடமும் இடத்தைச் சொல்லிவிட்டேன். மறுநாள் அங்கே ஒரே கூட்டம்! தாய்ப்பறவை பிறகு திரும்பவே இல்லை. முட்டைகள் குளிர்ந்து கிடந்தன. நான் அழுதுவிட்டேன்.

சித்தப்பா கோபிக்கவில்லை. அழிந்துவிட்டதென எண்ணப்பட்ட ஜெர்டான் கோர்சர் என்ற பறவை 1986இல் ஆந்திராவின் கடப்பைப் பகுதியில் மீண்டும் கிடைத்ததையும், பிடிபட்ட அப்பறவை சில நாட்களிலேயே இறந்ததையும் கூறினார். "கண்டதைக் கண்டபடி எழுது. தேதியும் நேரமும் குறித்துக்கொள். கூட்டின் இடத்தை மட்டும் ஊரறியச் சொல்லாதே" என்றார். பறவை ஆர்வலர்கள் பதிவு செய்யும் ஈ-பேர்ட் தளமும் ஆபத்திலுள்ள சில பறவைகளின் இடத்தை மறைத்தே வைக்கிறதாம்.

இப்போது என் நோட்டுப் புத்தகத்தில் பல பறவைகள் உள்ளன. ஆசையாய் வந்து படியுங்கள். ஆனால், கூடு எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள், தோழியரே!