மணிமுத்தாற்றின் வரவு செலவு

'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்தச் சொலவடை கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். ஊர்க் கோயில் சிவனான பழமலைநாதர் கொடுத்த 12,000 பொன்னைச் சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் போய் எடுத்துக்கொண்டார் என்பது ஊரறிந்த கதை. எடுத்த பொன் அதே மாற்றுதானா என்று உரைத்துப் பார்க்கத் திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் வேறு இருக்கிறார். சூழலியல்காரர்கள் செய்வதும் ஏறக்குறைய இந்தப் பிள்ளையாரின் வேலைதான். மலையில் ஆற்றில் விழுந்தது என்ன, கடலில் போய்ச் சேர்ந்தது என்ன, நடுவில் யார் யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கணக்கு எழுதுகிறார்கள்.

அரசுக் கோப்புகளில் மணிமுக்தா நதியாகிவிட்ட இந்த ஆறு பிறப்பது கல்வராயன் மலையில். மலையில் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறை. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் இறங்குகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சில் அந்த அமிலம் இன்னும் கூடுகிறது. அது பாறையிலுள்ள பெல்ஸ்பாரைத் தின்னத் தின்ன, பொட்டாசியமும் கால்சியமும் சிலிக்காவும் கரைந்து வெளியே வருகின்றன. கரையாமல் மிஞ்சுவது களிமண். ஆற்றின் முதல் வரவு இது.

இரண்டாவது வரவு இலை. மலை ஓடையில் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கிக் கிடக்கும் சருகு ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் விஷயம் புரியும். விழுந்த ஓரிரு நாளிலேயே அதன் உப்புகளில் ஒரு பகுதி கரைந்து போயிருக்கும். பிறகு பூஞ்சை படர்ந்து இலை வழுவழுவென்று மெத்தென்றாகும். அதற்காகவே காத்திருந்ததுபோல் பூச்சிப் புழுக்கள் வந்து நரம்பை விட்டுவிட்டுச் சதையை மட்டும் சுரண்டும். கடைசியில் கையில் வருவது வலைபோன்ற ஓர் எலும்புக்கூடு. புழு சிந்திய துணுக்குகள் கீழே போகும். அங்கே எச்சிலால் வலை பின்னிக் காத்திருக்கும் வேறு புழுக்கள் அவற்றைப் பிடிக்கும். புழுவை மீன் தின்னும், மீனை மீன்கொத்தி தின்னும்.

இந்தச் சாப்பாட்டு வரிசையில் இரண்டு வேறு கணக்குகள் ஓடுகின்றன. நம் பாடப் புத்தகங்கள் இரண்டையும் ஒரே வட்டப் படத்தில் போட்டுக் குழப்பிவிடுகின்றன. ஒன்று ஆற்றல். இலைமேல் விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு இலைக்குள் தங்கினாலே பெரிது. அதன்பின் ஒவ்வொரு வாய்க்கும் போகும்போது தோராயமாகப் பத்தில் ஒன்றுதான் உடம்பாகிறது. மீதி கடைசியில் சூடாகத்தான் வெளியேறுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சின்னச் சதுப்பு ஏரியை வைத்து இந்தக் கணக்கை முதலில் எழுதியவர் ரேமண்ட் லிண்டமன். முதலில் திருப்பி அனுப்பப்பட்ட அவர் கட்டுரை 1942-இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 27 வயது நிறையுமுன்பே போய்விட்டார். ஆற்றல் போனால் போனதுதான், மறுநாள் சூரியன் வந்து புதிதாகக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று பொருள். இலையிலிருந்த பாஸ்பரஸ் சூடாகிப் போவதில்லை. புழுவில், மீனில், எச்சத்தில், மறுபடி பாசியில் என்று கைமாறுகிறது. ஆனால் ஆறு சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு கைமாற்றத்துக்குள்ளும் கொஞ்ச தூரம் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் ஆற்றில் அது வட்டமாக இல்லாமல் நீண்ட சுருளாகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. தடுத்துப் பிடிக்க ஆளிருந்தால் தூரம் குறையும். இல்லாவிட்டால் மலைச் சரக்கு நேரே கடலுக்குத்தான்.

இதை அளந்தே காட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்டு புரூக் காட்டில் 1963 முதல் போர்மனும் லைக்கன்ஸும் ஓடைநீரில் வெளியேறும் சத்துகளைக் கணக்கெடுத்தார்கள். பிறகு ஒரு ஓடைப் படுகையின் மரங்களை முழுக்க வெட்டிப் போட்டார்கள். ஓடைநீரில் நைட்ரேட் பல பத்து மடங்கு எகிறியது. காடு மண்ணில் பூட்டிவைத்திருந்த சேமிப்பு அது. கல்வராயன் சரிவில் மரம் போன இடங்களிலிருந்து முதல் மழைக்குச் செக்கச்செவேலென்று தண்ணீர் இறங்கும்போது நாம் பார்ப்பதும் சேமிப்புதான், வருமானமல்ல.

மலையடிவாரத்தில் மணிமுக்தா அணை. வேகம் அடங்கினால் வண்டல் படியும். கீழே இருக்கும் ஏரிகளிலும் இதே கதை. கோடையில் ஏரி வண்டலை வெட்டி வயலில் கொட்டுகிற பழைய வழக்கத்தைவிடச் சிக்கனமான உரத் திட்டம் எனக்குத் தெரியாது. ஓடிப்போகப் பார்த்த பாஸ்பரஸை வழிமறித்து மேட்டுக்குத் திரும்ப ஏற்றும் வேலை அது. நல்லூரில் கோமுகியும் மயூராவும் வந்து கலக்க, ஆறு விருத்தாசலத்துக்கு வருகிறது.

ஊரைச் சுற்றி முந்திரியும் மணிலா என்கிற நிலக்கடலையும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இவ்விரண்டையும் வைத்தே பேர் வாங்கியது, வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் ரகங்கள் இங்கே பிறந்தவை. மணிலாச் செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகளவு முடிச்சுகள் தெரியும். நகத்தால் நசுக்குங்கள், உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தின் சிவப்புச் சரக்குக்கு உறவுக்காரனான ஒரு புரதம் அங்கே ஆக்சிஜனைக் கட்டுக்குள் வைத்திருக்க, ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் சத்தமில்லாமல் உரமாக்கிக்கொண்டிருக்கிறது.

இதே வேலையை மனிதன் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க, பக்கத்திலுள்ள நெய்வேலிக்குப் போக வேண்டும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் விழுந்த மரங்கள், காற்றுப் புகாத சேற்றில் கிடந்ததால் மக்கி முடியவில்லை. கறையானுக்கும் பூஞ்சைக்கும் கிடைக்காமல் போன அந்தக் காடுதான் பழுப்பு நிலக்கரி. அதைத் தோண்டி எடுக்கும் நிறுவனம் தொடங்கியது 1956-இல். மின்சாரம் போக, அடுப்புக்கு லெக்கோ கரி, வயலுக்குக் காற்று நைட்ரஜனைப் பிடித்துச் செய்த யூரியா, கூடவே கழுவிச் சுத்தம் செய்த களிமண் என்று ஒரு காலத்தில் எல்லாம் அங்கிருந்தே வந்தன. யூரியா ஆலை மூடி வருஷங்களாகிவிட்டன. களிமண் கதைதான் விருத்தாசலத்துக்கு வருகிறது.

கரியை எடுக்க மேலேயுள்ள மண்ணை அள்ள வேண்டும். அந்த மண்ணில் களிமண்ணும் உண்டு. பழைய ஆறுகள் பழைய மலைகளைத் தேய்த்துக் கொண்டுவந்து படியவைத்தது. விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையில் அதைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் களிமண் ஏடு கட்டும். வேண்டிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். காய்ந்து சற்றே சுருங்கியதும் பொம்மை தானாக அச்சைவிட்டுக் கழன்று வரும். பொம்மை, அகல் விளக்கு, பியூஸ் கட்டை எல்லாம் பிறகு சூளைக்குள் போகும். 500, 600 டிகிரியைத் தாண்டும்போது களிமண் தன் உடம்பிலேயே கோத்துவைத்திருந்த நீரை விட்டுவிடுகிறது. இனித் தண்ணீரில் ஊறப்போட்டாலும் அது மண்ணாகாது. 1,200 டிகிரியை ஒட்டி, கண்ணாடிபோல் உருகி இறுகிவிடுகிறது. பாறையிலிருந்து கடல்வரை எங்குமே கணக்கிலிருந்து பேர் நீங்காத களிமண், இந்தச் சூளை வாசலில் நீங்கிவிடுகிறது. கீழடி ஓடுகள் இரண்டாயிரம் ஆண்டு தாண்டியும் ஓடுகளாகவே கிடப்பது இதனால்தான்.

ஊருக்குள் ஆற்றின் வரவு மாறிவிடுகிறது. சாக்கடை தரும் நைட்ரஜனைக் கண்டு ஆகாயத்தாமரை கொழிக்கிறது. மழைக்காலம் தவிர மற்ற நாளில் மணல்தான் ஓடுகிறது, அதுவும் மிச்சமிருந்தால்.

கூடலையாற்றூரில் வெள்ளாறு சேர்ந்ததும் மணிமுத்தாறு என்ற பேர் முடிகிறது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டிலிருந்து தண்ணீர் பிரிந்து நெல்வயல்களுக்குப் போகிறது. நெல் ஒரு சிலிக்காப் பைத்தியம். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். கல்வராயனில் கரைந்ததை ஒத்த சரக்கு. நீர் நின்ற சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால் அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை மூச்சுக்காகப் பயன்படுத்தி நைட்ரஜனைக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. போட்ட யூரியாவில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை என்று விவசாயி அலுத்துக்கொள்வதற்கு இவையும் காரணம்.

புவனகிரி தாண்டினால் உப்பங்காற்று. பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் உட்கார்ந்து இந்தக் கழிமுகத்தைத்தான் படித்துவருகிறது. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வடிந்ததும் நீரில் டயாட்டம் பெருகும். கண்ணுக்குத் தெரியாத பாசி. ஓடு மட்டும் கண்ணாடி, ஆறு சுமந்துவந்த சிலிக்காவில் கட்டியது. சூளையில்லாமல், சாதாரண ஆற்றுநீர்ச் சூட்டிலேயே கண்ணாடி செய்கிறது. தெற்கே பிச்சாவரத்தில் தில்லையும் கண்டலும் உதிர்க்கும் இலையை நண்டு இழுத்துக்கொண்டு வளைக்குள் போகிறது. மலை ஓடையில் புழு செய்த வேலையை இங்கே நண்டு செய்கிறது. சாப்பாட்டு வரிசை மறுபடி இறாலிலும் மடவையிலும் ஏறுகிறது.

நைட்ரஜன் காற்று வழியாக ஊர் திரும்பும். பாஸ்பரஸுக்கு அந்த வசதி இல்லை. கடலடியில் படிந்தால், நிலம் எழும்பி மலையாகும்வரை காத்திருக்க வேண்டும். குறுக்கு வழிகள் சில உண்டு. கழிமுகத்தில் மீன் தின்றுவிட்டு உள்நாட்டு மரத்தில் போய் எச்சமிடும் கொக்கும் நாரையும் ஒன்று. கருவாடு இன்னொன்று. கடற்கரையில் உப்புப் போட்டுக் காயவைத்த மீன், கூடையில் பஸ் ஏறி மேற்கே சந்தைக்குப் போகிறது. வயலுக்குத் தேவையானதை ஒப்பிட்டால் அது கால் தூசுக்குக் காணாது. அதனால்தான் ஜோர்டானிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் பாஸ்பேட் பாறையைக் கப்பலில் வரவழைத்து, உரமாக்கி வயலில் போடுகிறோம். அதிலும் ஒரு பங்கை அடுத்த மழையில் ஆறு அளக்காமல் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.