முதலுக்கே மோசம்

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஆபீஸ் ஒன்றில் 31 வருஷம் கணக்கெழுதியவன் நான். எங்கள் தொழிலில் எல்லாமே அடிக்கணக்கு. இத்தனை அடி போட்டால் இவ்வளவு கூலி, கேசிங் பைப்புக்குத் தனி. குழிக்குள் இறங்கி யாரும் அளக்க முடியாது. எத்தனை ராடு இறங்கியது என்று வண்டிக்காரர் சொல்வதுதான் கணக்கு.

சேர்ந்த புதிதில் ஒருநாள், 420 அடியை 450 என்று பில்லில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எலச்சிபாளையம் பக்கத்து விவசாயி ஒருவர், காசைக் கொடுத்துவிட்டு என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த நாட்களில்தான் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துக்குக் கதர் வேட்டி வாங்கப் போனேன். 1925இல் ராஜாஜி தொடங்கிய ஆசிரமம் அது. அங்கே ஒரு பெரியவர் ஜே.சி. குமரப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆடிட்டராக இருந்தவர் என்றதும் என் காது அந்தப் பக்கம் திரும்பியது. நம்ம தொழில்காரர் ஆயிற்றே!

குமரப்பா 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தியவர். பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அரசாங்கத்தின் வரவு செலவுக்கும் இந்தியாவின் வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1929 மே மாதம் கோட்டும் சூட்டுமாக சபர்மதி போய்க் காந்தியைப் பார்த்தார். அந்த ஆய்வு ‘யங் இந்தியா’வில் தொடராக வந்தது. காந்தி சிறை போனபோது பத்திரிகைப் பொறுப்பு இவரிடம் வந்தது. பின்னாலேயே இவரும் சிறைக்குப் போனார். ஆங்கில அரசு இந்தியாவின் தலையில் எழுதி வைத்த கடனில் எது நிஜமாகவே நம் கடன் என்று பிரித்துப் பார்க்க 1931இல் காங்கிரஸ் ஒரு குழு அமைத்தது. அதிலும் இருந்தார். ஒரு நாட்டின் பேரேட்டையே தணிக்கை செய்தவர் என்று சொல்லலாம்.

ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதில் என்னை உலுக்கியது வேறொரு கதை. 1934 பிகார் பூகம்ப நிவாரணக் கணக்கு குமரப்பா கையில் இருந்தது. தொண்டர்களுக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு மூன்று அணாதான். காந்தி தன் ஆட்களோடு வந்தார். அவர்கள் செலவை நிவாரணப் பணத்தில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார் குமரப்பா. காந்திக்கே பில் பாஸ் ஆகவில்லை! அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் எழுத்துகளைத் தேடிப் படித்தது அப்புறம்தான். பூமிக்குள் இருக்கும் நிலக்கரி, எண்ணெய், தாது எல்லாம் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. வளரும் அளவுக்குள் வெட்டுகிற காட்டு மரமோ வரும்படி. இருப்பை அழித்து அதை வருமானம் என்று காட்டக் கூடாது என்பது அவர் வாதம். இதை என் தொழிலோடு வைத்துப் பார்க்க எனக்குப் பல வருஷம் பிடித்தது. மழை பெய்து கிணற்றில் ஊறுவது வரும்படி. 800 அடிக்குக் கீழே, பாறை வெடிப்பில் காலங்காலமாகத் தேங்கிக் கிடந்தது முதல். அந்த முதலைத்தான் 31 வருஷமும் நாங்கள் வரவு என்று எழுதிக்கொண்டிருந்தோம். தொழிலை நான் பழிக்கவில்லை. என் மகள் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். ஆனாலும் 30 அடி பொய்யைவிட இது பெரிய பொய்க்கணக்கு என்று தோன்றுகிறது.

குமரப்பா கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் இருந்தார். காந்தியின் நினைவு நாளான ஜனவரி 30 அன்று, 1960இல் காலமானார்.

போன வருஷம் அந்த 30 அடிக்கான காசை எடுத்துக்கொண்டு எலச்சிபாளையம் பக்கம் போனேன். பெரியவர் இல்லை, மகன் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். “அதை உடுங்க ஐயா, அந்தக் குழி வத்தியே இருவது வருசமாச்சு” என்றார். காசை வாங்கவில்லை. அதே தோட்டத்தில் இப்போது நாலாவது குழி போட்டிருக்கிறார்கள். 1,100 அடி. புழுதிதான் வந்ததாம்.