தறி நின்ற இடத்தில் பாட்டு

அரபு மொழியில் ‘நஸஜ’ என்னும் வினைச்சொல் துணி நெய்தலையும் குறிக்கும்; கவிதை யாத்தலையும் குறிக்கும். தமிழிலோ இழையும் நூல், ஏடும் நூல். ஆகவே மும்பை லோயர் பரேலில், மதுராதாஸ் பஞ்சாலை வளாகத்துப் பண்டகசாலையொன்று 2007-இல் ‘புளூ ஃபிராக்’ என்னும் இசையரங்கமாக மாறிய செய்தி நமக்கு வியப்பளிக்கவில்லை.

ஆயினும் பாட்டு அங்கே புதிதாக வந்ததன்று. பார்சி ஊரில் ஆலைத் தொழிலாளியாக இருந்த மெஹபூப் ஹுசேன் படேல், அமர் ஷேக் என்னும் பெயரில் புகழ்பெற்ற பாடகரானார். 1944-இல் அண்ணாபாவு சாட்டே, கவாண்கர் ஆகியோருடன் ‘லால் பாவ்டா கலாபதக்’ என்னும் குழுவை அமைத்தார். தொழிலாளர் நடுவே அவர்தம் குரல் முழங்கிற்று. 1982 சனவரி 18-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2,50,000 பேர் தறியை விட்டு வெளியேறினர். அவருள் பல்லாயிரவர் மீளவேயில்லை. பின்னர் எழுந்த அரங்கமும் 2016-இல் மூடப்பட்டது.

ஓசூரில் நம்மிடம் ஓதும் பிள்ளைகளின் தந்தையர் சிப்காட் ஆலைகளில் இரவு ஷிப்டு பார்க்கின்றனர். தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு நான்கும் அவர்தம் நாவில் உண்டு, பாட்டும் உண்டு. பாடுதற்கோர் இடத்தைத்தான் காணோம். ஆலை ஓடும் நாளிலேயே அவர்க்கொரு மன்றம் வேண்டும் என்போம். ஆலை மூடியபின் எழும் அரங்கிலே, வேலையிழந்தவன் எதைக் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குவான்?