சன்னலில் நின்ற மலை

சேலத்திலிருந்து ஈரோட்டுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சங்ககிரியை நெருங்குபவர், சமவெளியின் நடுவே தனித்து எழுந்து நிற்கும் மலை ஒன்றைக் காண்பர். சங்கின் வடிவுடையது ஆதலால் சங்ககிரி எனப் பெயர் பெற்றது என்பது வழக்கு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,300 அடி உயரமுடைய அம்மலையின் சரிவில், கோட்டை மதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்லும். வழிப்போக்கர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பர். அதற்குள் பேருந்து திரும்பிவிடும். அத்துடன் அவர்கள் அதனை மறந்துவிடுவர்.

அம்மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றார் ஓர் ஆசிரியர். அவர் பாடம் நடத்திய வகுப்பறையின் சன்னலில் மலை முழுவதும் தெரியும். ஐப்பசி மழையில் மேகம் அதன் முடியில் வந்து படிவதையும், சித்திரை வெயிலில் பாறை வெளிறிக் கிடப்பதையும் அவர் ஆண்டுதோறும் கண்டவர். மாணவர் எவரேனும் பாடத்தை மறந்து வெளியே நோக்கினால், “அங்கே என்ன வேடிக்கை? புத்தகத்தைப் பார்!” என்று அதட்டுவார். அவர் ஒருநாளும் அம்மலைமேல் ஏறியதில்லை.

ஆனால் ஏறாத வேறொரு மலையை அவர் நன்கு அறிவார். இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் ஏரிகளும் குன்றுகளும் செறிந்த நிலப்பரப்பு ஒன்று உண்டு. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பிறந்ததும் வாழ்ந்ததும் அங்கேதான். அங்குள்ள ஹெல்வெலின் என்னும் மலை 3,118 அடி உயரமுடையது. 1805 ஏப்ரல் மாதத்தில் சார்லஸ் காஃப் என்ற இளம் ஓவியர், தம் நாயை மட்டும் துணையாகக் கொண்டு அம்மலையைக் கடக்கப் புறப்பட்டார். அவர் ஊர் போய்ச் சேரவில்லை. மூன்று மாதங்கள் சென்றபின், ஜூலையில், இடையன் ஒருவன் நாய் குரைக்கும் ஒலி கேட்டுச் சென்றான். செங்குத்தான பாறைக்குக் கீழே அவருடைய எலும்புகள் கிடந்தன. அருகில் அந்த நாய் உயிரோடு நின்றது. இச்செய்தி நாடெங்கும் பரவியது. வேர்ட்ஸ்வொர்த் அதைப் பற்றி ஒரு பாடல் இயற்றினார். விசுவாசம் என்பது அதன் தலைப்பின் பொருள். வால்ட்டர் ஸ்காட்டும் தனியே ஒரு பாடல் இயற்றினார். அவ்விருவரும், பின்னாளில் சுரங்கத் தொழிலாளர்க்குக் காப்பு விளக்கு அமைத்துத் தந்த ஹம்ப்ரி டேவியும், அவ்வாண்டிலேயே ஒன்றாக ஹெல்வெலின் மீது ஏறினர்.

ஆசிரியர் இக்கதையைச் சொல்லும்போது வகுப்பில் ஊசி விழுந்தாலும் ஓசை கேட்கும். மலையின் கூரிய விளிம்பு எங்கே, அடியில் உள்ள சிறிய ஏரி எங்கே, நாய் நின்ற இடம் எது என்று கரும்பலகையில் கோடு இழுத்துக் காட்டுவார். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலையின் மேடு பள்ளங்களை அறிந்தவருக்கு, சன்னலுக்கு வெளியே உள்ள கோட்டைக்கு எத்தனை வாசல்கள் என்று கேட்டால் விடை தெரியாது. இதில் அவரை மட்டும் குறை கூறுவது முறையன்று. எட்டிப் பார்த்தால் தெரிவதை என்றைக்கும் பார்க்கலாம் என்று ஒத்திப்போடாதவர் ஊரில் யார்?

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, பொங்கல் விடுமுறைக்கு அவருடைய மகள்வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு மாணவி. பழைய பாடக்குறிப்புகளை அவர் அடுக்கிக்கொண்டிருந்தபோது, கரும்பலகைப் படத்தைப் போன்ற ஒரு வரைபடம் அவள் கையில் அகப்பட்டது. அதன் கதையைக் கேட்டாள். வழக்கமான சுவையோடு அவரும் சொல்லி முடித்தார்.

“நாயைக் கண்டது 1805 ஜூலை என்றா சொன்னீர்கள், அப்புச்சி?”

“ஆம், கண்ணு. ஏன்?”

“தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டதும் அந்த ஜூலைதானே? 31ஆம் தேதி. இந்த மலையில்தானே?”

ஆசிரியர் பதில் கூறாமல் சிறிது நேரம் அமர்ந்திருந்தார். இரண்டு தேதிகளையும் அவர் அறியாதவர் அல்லர். எனினும் அவற்றை அருகருகே வைத்து அவர் பார்த்ததில்லை. ஒன்று ஆங்கில வகுப்புக்கு உரியது. மற்றொன்று வரலாற்று வகுப்புக்கு உரியது. இரண்டுக்கும் நடுவே மணி அடித்துவிடும்.

“நீங்கள் மேலே போயிருக்கிறீர்களா, அப்புச்சி?” என்றாள் அவள்.

மறுநாள் விடியற்காலையில் இருவரும் புறப்பட்டனர். ஒரு பாத்திரத்தில் எலுமிச்சைச் சோறும், இரண்டு புட்டிகளில் தண்ணீரும் எடுத்துக்கொண்டனர். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அத்துறையின் அறிவிப்புப் பலகையைப் பேத்தி ஒரு சொல் விடாமல் படித்த பிறகே முதல் வாசலுக்குள் நுழைந்தாள்.

விசயநகர வேந்தர் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில், எழுந்தது இக்கோட்டை. மலையின் பெரும்பகுதி செங்குத்தான பாறை. ஏறத் தகுந்த பக்கத்தில் மட்டுமே வாசலும் மதிலுமாக மாறி மாறி அமைத்துள்ளனர். பகைவர் ஒரு வாசலை உடைத்தாலும் அடுத்த வாசல் மேலேயிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். விசயநகருக்குப் பின் ஆண்டவர்களும் தம் பங்குக்கு மதில்களைச் சேர்த்தனர். ஐதர் அலி காலத்திலும் திப்பு சுல்தான் காலத்திலும் இது மைசூர்ப் படையின் வலிய அரணாக விளங்கியது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலம் பகுதி ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறியது. கொங்கு நாட்டு வரியைச் சேர்த்து வைக்கும் இடமாக அவர்கள் இக்கோட்டையைப் பயன்படுத்தினர்.

வாசல்களை இருவரும் எண்ணிக்கொண்டே ஏறினர். பாதி வழியில் கணக்குத் தவறியது. இடிந்து கிடந்த ஒரு குட்டிச் சுவரையும் பேத்தி வாசலாகச் சேர்த்துக்கொண்டாள்; ஆசிரியர் அதை ஒப்பவில்லை. வாதம் தீருமுன் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு நிழலில் அமர்ந்தனர். முன்னிரவில் படித்தவற்றை அங்கே அவர் அவளுக்குச் சொல்லத் தொடங்கினார்.

காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்தவர் தீர்த்தகிரி. மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்து ஏழைகளுக்கு வழங்கியவர். யார் பறித்தது என்று கேட்டால் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல் என்று கூறியனுப்பியவர் என்பது கொங்கு நாட்டார் இன்றும் சொல்லும் கதை. பின்னர், ஆங்கிலேயரை எதிர்ப்பதற்காகத் திப்புவுக்கே துணை நின்றார். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகும் சின்னமலை அடங்கவில்லை. 1801இல் காவிரிக் கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அறச்சலூரிலும் கம்பெனிப் படையோடு பொருதார். போரில் பிடிக்க முடியாதவரை வஞ்சத்தால் பிடித்தனர். அவருக்குச் சோறு சமைத்தவனே காட்டிக்கொடுத்தான் என்பர். அவரையும் அவருடைய தம்பியரையும் சங்ககிரிக்குக் கொண்டுவந்து, 1805 ஜூலை 31இல் தூக்கிலிட்டனர்.

“அங்கே நாய் மூன்று மாதம் காத்து நின்றது. இங்கே சோறு போட்டவன் காட்டிக்கொடுத்தான்” என்றாள் பேத்தி. ஆசிரியர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் எந்த மாணவரும் அவரிடம் இப்படிக் கூறியதில்லை. கூறுவதற்கு அவர் இடம் வைக்கவும் இல்லை.

மேலே செல்லச் செல்லக் காற்று வலுத்தது. வழியில் ஒரு தர்கா, உச்சியில் சென்னகேசவப் பெருமாள் கோயில், பாறைக் குழிவுகளில் தேங்கிய சுனை நீர், கூரையிழந்த கட்டடங்கள். எல்லாவற்றினும் சிறந்தது அங்கிருந்து தெரியும் காட்சியே. மேற்கே காவிரி வெள்ளிக் கம்பிபோல் கிடந்தது. தெற்கே திருச்செங்கோட்டு மலை கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் தோன்றியது. வடகிழக்கே நீலமாய்ப் படர்ந்தது சேர்வராயன் மலைத்தொடர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கேதான் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். அதனால் ஏற்காட்டின் தந்தை என்றே அவரைக் கூறுவர். குளிர்ச்சி நாடி ஆங்கிலேயர் ஏறிய மலைக்கு விடுமுறைதோறும் கூட்டம் கூட்டமாய்ச் செல்கிறோம். அவர்கள் வரிப்பணத்தைப் பூட்டிவைத்த மலையை ஆடிப் பதினெட்டு அன்று மட்டும் நினைக்கிறோம். கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் ஓசையின்றி ஊர்ந்தன. சங்ககிரிக்காரர் பலருக்குச் சோறிடும் லாரிகள் அவை; அவற்றின் பின்புறத்தில் இந்தியாவின் எல்லா ஊர்ப் பெயர்களும் எழுதியிருக்கும்.

திரும்பி இறங்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு வாசலின் உட்சுவரில், கல்லைக் கூரிய ஒன்றால் கீறி, ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது. பெயருக்குக் கீழே பள்ளி. அதற்கும் கீழே பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, 1998. அது அவருடைய பள்ளி. அது அவருடைய வகுப்பு. அந்தப் பையனையும் அவருக்கு நினைவு வந்தது. சன்னலோரம் அமர்ந்து, எப்பொழுதும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன்.

பேத்தி கைக்குட்டையை நனைத்துத் துடைக்கப் போனாள். “வேண்டாம், கண்ணு. தேய்த்தால் கல்லும் தேயும். அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்” என்று தடுத்தார் ஆசிரியர். பிறகு அந்தச் சுவரைப் பார்த்தபடியே நெடுநேரம் நின்றார்.

வழி முழுவதும் அவர் மனத்தில் ஹெல்வெலின் மலைமீதுள்ள ஒரு கல் நின்றது. காஃப் இறந்து 85 ஆண்டுகள் கழித்து, 1890இல், அவருக்கும் அவர் நாய்க்கும் நினைவாக அங்கே ஒரு கல் நாட்டப்பட்டது. நாட்டியவர்களுள் ஒருவர் ரான்ஸ்லி என்னும் பாதிரியார். அவரே, ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர் என்னும் இருவரோடு சேர்ந்து, 1895இல் ஓர் அறநிலையத்தைத் தொடங்கினார். எழில்மிக்க நிலங்களையும் வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்களையும் எல்லார்க்கும் பொதுவாய் வைத்துக் காப்பதே அதன் நோக்கம். மறு ஆண்டே, இடிந்து விழவிருந்த பழைய வீடு ஒன்றைப் பத்துப் பவுனுக்கு வாங்கிச் செப்பனிட்டது. இச்செய்திகளையெல்லாம் அவர் பாடக்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். தேர்வுக்கு வராது என்பதால் பெரும்பாலும் சொல்லாமல் விட்டிருந்தார். சன்னலோரப் பையன் மலைக்கு வந்திருக்கிறான். எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நினைவில் நிற்க வேண்டிய பெயர் தன் பெயர் ஒன்றே என்று அவன் எண்ணியிருந்தால், அது அவன் குற்றம் மட்டுமா?

பேத்தி ஊருக்குத் திரும்பியதும் ஆசிரியர் பள்ளிக்குச் சென்று தலைமையாசிரியரைக் கண்டார். சனிக்கிழமை ஒன்றில் மாணவர் சிலரை மலைக்கு அழைத்துச் செல்ல இசைவு கேட்டார். பெற்றோரிடம் ஒப்பம் வாங்கவும், உடன் வர வேறோர் ஆசிரியரை இணங்கச் செய்யவும் மூன்று வாரங்கள் ஆயின. நாற்பது பேர் பெயர் கொடுத்தனர். காலையில் வந்து சேர்ந்தவர் பதினொருவர். அவர் வருத்தப்படவில்லை. பதினொருவரையும் முதல் வாசலில் நிறுத்தி, முதலில் ஹெல்வெலின் கதையைச் சொன்னார். பிறகு சின்னமலையின் கதையைச் சொன்னார். இரண்டுக்கும் பொதுவான ஆண்டைச் சொல்லாமல் விட்டு, கண்டுபிடிக்கச் சொன்னார். பாதி வழியில், சென்றமுறை அமர்ந்த அதே நிழலில், அவருக்கு மூச்சு வாங்கியது. மாணவர்கள் முன்னே ஓடினர். மதில்மேல் கைவைத்துக் கீழே எட்டிப் பார்த்த சிறுவன் ஒருவன் திரும்பிக் கூவினான்:

“ஐயா! இங்கிருந்து பார்த்தால் நம் வகுப்புச் சன்னல் தெரிகிறது!”