லீவு

லீவு என்றால் பணிக்குச் செல்லா நாள் என்றே இளமையில் பொருள் கொண்டிருந்தோம். தில்லியில் எழுத்தராய் அமர்ந்த பின்னரே, அவ்வாங்கிலச் சொல்லின் மூத்த பொருள் 'அனுமதி' என்றறிந்தோம். விடைபெறுதல் என்னும்போது நம் 'விடை'யும் அத்தகையதே. 1972-ஆம் ஆண்டின் மத்திய அரசு விடுப்பு விதிகளில் 7-ஆவது, விடுப்பை உரிமையாகக் கோரலாகாது என்கிறது. ஆண்டுக்கு 30 நாள் சேர்வதற்கோ 'ஈட்டிய விடுப்பு' என்று பெயர்!

அன்னையார் நோயுற்ற செய்தி கிட்டியபோது எம் கணக்கில் 110 நாள் இருந்தன. அனுமதி மூன்றாம் நாள்தான் வந்தது. கிராண்ட் டிரங்க் வண்டியில் இரண்டு இரவுகள். ஊர் சேர்ந்தபோது பால்தெளியும் முடிந்திருந்தது. ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாத அவர், அம்மூத்த பொருளிலேயே இருமுறை வினவினாராம்: "அவனுக்கு லீவு கொடுத்தாங்களா?"