நீர்க்கறை

நீர் அழுக்கைப் போக்கும் என்பது குழந்தையும் அறிந்த செய்தி. அந்நீரே அழுக்காகித் தங்கும் என்பதை வெந்நீர்த் தவலை தேய்க்கும் பெண்டிர் அறிவர்; மோட்டார் வண்டி உடையோர் பின்னும் நன்றாக அறிவர். கழுவித் துடையாது வெயிலில் விடப்பட்ட வண்டியின்மீது வெண்ணிற வளையங்கள் அம்மைத் தழும்புபோல் தோன்றும். அவற்றைப் போக்கும் வகையினை யான் அறிய நேர்ந்தது என் தமையனாரின் வாடகை வண்டியினால் ஆகும்.

அவ்வண்டி கருநீல நிறத்தது. வங்கிக் கடனில் வாங்கியது. திருமணக் காலங்களில் மணமக்களை ஏற்றிச் செல்வதால் வரும் ஊதியமே அதன் தவணையை அடைத்து வந்தது. ஒரு சித்திரை மாதத்தில் தமையனார் காய்ச்சலுற்றுப் படுத்திருந்த பத்து நாளும், அண்டை வீட்டு மேனிலைத் தொட்டி வழிந்து, அதன் நீர் காற்றில் சிதறி வண்டிமேல் விழுந்தவண்ணம் இருந்தது. அஃது ஆழ்துளைக் கிணற்று நீர். பகல்தோறும் வெயில் அதனை உலர்த்திற்று. பதினோராம் நாள் பார்க்கையில் பானெட்டும் கூரையும் சுண்ணாம்பு தெளித்தாற்போல் இருந்தன. வைகாசி முகூர்த்தத்துக்கு வண்டி பேச வந்த பெண் வீட்டார் அதனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிறகு சொல்லுகிறோம்" என்று கூறிச் சென்றனர், மீண்டும் வந்திலர்.

நிற்க. இக்கறை உண்டாகுமாற்றைச் சிறிது ஆராய்வோம். மழைநீர் மண்ணினூடே இறங்குங்கால் கரியமில வாயுவை ஏற்றுச் சற்றே அமிலத்தன்மை பெறுகிறது. அதனால் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொள்கிறது. இவ்வாறு கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்களைத் தாங்கிய நீரே கடின நீர் எனப்படும். இந்தியத் தர நிறுவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர் விதி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கதென்றும், வேறு நீர் கிடையாவிடத்து 600 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் வகுத்தது. ஆகவே, குடித்தற்குப் பொறுக்கத்தக்க நீரே ஒரு லிட்டர் வற்றின், அரைக் கிராமுக்கு மேற்பட்ட உப்பை விட்டுச் செல்லக்கூடும். துளியானது விளிம்பில் விரைந்து ஆவியாகிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய நடுவிலுள்ள நீர் விளிம்பை நோக்கி ஓடுகையில், தான் சுமந்தவற்றையும் அங்கே கொண்டு சேர்க்கிறது. உலர்ந்த துளியின் கறை வளையமாக அமைவதற்குரிய இக்காரணத்தை 1997-ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் விளக்கினர்.

எங்கள் வீட்டிற்கு வந்தோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மருந்து கூறினர். ஒருவர் மண்ணெண்ணெய் என்றார். ஒருவர் பற்பொடி என்றார். மற்றொருவர் வாட்டர் பேப்பர் கொண்டு தேய்த்தால் ஒரு மணியில் தீரும் என்றார். கடன்பட்டவர்க்குப் பொறுமை அரிதாதலின், தமையனார் இறுதி யோசனையையே ஏற்றுத் தாளும் வாங்கி வந்துவிட்டார். அவ்வமயம் எங்கள் தெருவில் வாழ்ந்த முதியவர் ஒருவர் அவரைத் தடுத்தார். வண்டிகளுக்கு வர்ணம் பூசும் பட்டறையில் நெடுங்காலம் உழைத்தவர் அவர். அவரை அண்ணாச்சி என்றே யாவரும் அழைப்போம்.

"தம்பி, அந்தத் தாளைக் கீழே வையுங்கள். மேலே ஒட்டியிருப்பது எது, உள்ளே இறங்கியது எது என்று பாராமல் தேய்க்கலாமா?" என்றார்.

அவர் கூறியதன் பொருள் இது. இக்காலத்து வண்டிகளில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற தெளிந்த பூச்சு ஒன்று உண்டு. அதன் கனம் பெரும்பாலும் 50 மைக்ரான் அளவினதே. மனிதர் தலைமயிரின் பருமன் பொதுவாக அதனினும் மிகுதி. வெயிலின் கொடுமையைத் தாங்கி நிறத்தைக் காப்பது அம்மெல்லிய பூச்சேயாகும். அது தேய்ந்தொழியின் நிறம் வெளிறும். பின்னர் மறுபடியும் வர்ணம் பூசுதலன்றி வேறு வழியில்லை.

மறுநாள் விடியற்காலையில், தகடு குளிர்ந்திருக்கும்போதே, நிழலில் வேலை தொடங்கியது. முதலில் மென்மையான சோப்புநீரால் தூசி முழுவதும் போக்கினோம். தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். பின்பு வெள்ளைக் காடியும் பாட்டரிக்கு ஊற்றும் வடிநீரும் சமமாகக் கலந்து, மறைவான ஓரிடத்தில் சோதித்து, துணியில் தோய்த்துக் கறைகளின்மேல் பரப்பினோம். யான் துணி பிழிந்து கொடுத்தேன். இரண்டு நிமிடத்திற்கு மேல் விடாமலும், உலரவொட்டாமலும் அலம்பித் துடைத்தோம். காடியின் அமிலம் சுண்ண உப்பைக் கரைத்துக் கரியமில வாயுவாகவும் நீரிற் கரையும் உப்பாகவும் மாற்றுகிறது. தவலையின் வெண்படலத்தைப் புளி இளக்குவதும் இம்முறையாலேயே. கறையிற் பாதிக்கு மேல் அன்றே மறைந்தது.

மணற்சத்தாகிய சிலிக்கா போன்றவை காடிக்குக் கரையா. அவற்றை, வண்டி துடைத்தற்கென்றே விற்கும் களிமண் கட்டியைச் சோப்புநீர் விட்டு மெல்ல உருட்டி அண்ணாச்சி பெயர்த்தெடுத்தார். எஞ்சியவை சிறு குழிகள். அவ்விடங்களில் உப்பு வெயிலிற் காய்ந்து பூச்சையே அரித்திருந்தது. குழியைத் துடைத்தகற்ற இயலுமோ? சுற்றியுள்ள பூச்சையும் தேய்த்துக் குழியின் மட்டத்துக்குத் தாழ்த்துதலே அதற்குரிய வழி. மென்மையான பாலிஷ் கொண்டு ஒருமுறை அவர் அவ்வாறு செய்தார். பல மறைந்தன, பானெட்டில் ஏழெட்டு மட்டும் நின்றன.

"இன்னும் ஒருமுறை தேய்த்தால் இவையும் போகுமே, அண்ணாச்சி" என்றார் தமையனார்.

"போகும், தம்பி. பூச்சும் போகும். நாலு வெயில் கண்ட பிறகு நிறம் உரிந்தால் என்னைக் கேட்கக்கூடாது" என்று சொல்லி, மெழுகைப் பூசி வேலையை முடித்தார். ஆனி மாதத்தில் அவ்வண்டி இரண்டு திருமணங்களுக்குச் சென்றது. அக்குழிகளைக் குறித்து ஒருவரும் வினவவில்லை.

ஒட்டியதைக் கரைத்தும், பற்றியதைப் பெயர்த்தும், அரித்ததைச் சிறிதே மெருகிட்டும், ஆழ்ந்ததை விட்டும் போந்த அம்முதியவரின் முறை என் நெஞ்சை விட்டு அகலவில்லை. எளிய மருந்தில் தொடங்கி, வேண்டிய அளவே வலியதை நாடி, பொருளுக்கே கேடு வருமிடத்தில் கை நிறுத்துதல் எத்தொழிலுக்கும் நன்றாம்.

வருமுன் காத்தலோ இவை எல்லாவற்றினும் எளிது. வெயில் ஏறுமுன் நிழலில் கழுவுக; ஒவ்வொரு பகுதியாகக் கழுவி, உலருமுன் நுண்ணிழைத் துணியால் ஒற்றி எடுக்க; கிணற்று நீர் கடினமாயின், இறுதியில் வடிநீரேனும் தொட்டியிற் சேர்த்த தூய மழைநீரேனும் கொண்டு அலம்புக. ஒரு துணியும் கால்மணி நேரமும் இதற்குப் போதும்.