கைக்கு எட்டுற பை

அவிநாசிபாளையத்துல கிளினிக் வச்சிருக்கிற எனக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இங்க வர்றதெல்லாம் பஞ்சுத் தூசி இருமல், தையல் ஊசி ஏறின விரல், சுகர், பிபி. ஆனா ஒரு பாய்மரப் படகுக்கு மருந்துப் பெட்டி கட்டிக் கொடுத்த கதை இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

சுகர் பார்க்க வர்ற ஒரு அக்கா ஒரு நாள் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாங்க. மகன் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசரா இருந்து நியூசிலாந்து போனவன். நண்பனோடு சேர்ந்து பழைய படகு ஒன்று வாங்கியிருக்கிறான். மே மாதம் கிளம்பி டோங்கா, ஃபிஜி தீவுகளைச் சுற்றிவிட்டு, நவம்பரில் அங்கே புயல் காலம் தொடங்கும் முன் திரும்புவதாகத் திட்டம்.

"ஏனுங் சார், நடுக்கடல்ல வவுத்து நோவு வந்தா ஆரு பார்ப்பாங்க?"

என்னிடம் பதில் இல்லை. அன்னைக்கு ராத்திரியே தம்பிக்கு வீடியோ கால் போட்டேன்.

எக்செல் ஷீட்டைக் காட்டினான். ஷிப்மென்ட் அனுப்பிப் பழகின கை, குறையே சொல்ல முடியாது. தீவுக்குப் போய்ச் சேர சுமார் 10, 12 நாள். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், இரண்டு பேர், 20 நாள் கணக்கு: 160 லிட்டர். அதையும் ஒரே டேங்க்கில் வைக்கவில்லை. இரண்டு டேங்க், மீதி கேன்களில். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும். கடல்நீரைக் குடிநீராக்க நம்ம சாயப்பட்டறை ஆர்ஓ மாதிரி சின்ன மெஷின். மெம்பரேனில் குளோரின் தண்ணி பட்டால் போச்சு என்று எனக்கே பாடம் எடுத்தான்! அட்டைப்பெட்டி ஒன்றுகூட படகில் ஏறாதாம், மடிப்புக்குள் கரப்பான் முட்டை வந்துவிடும். அம்மா அனுப்பின கொள்ளுப் பொடிக்கும் ஒரு வரி இருந்தது.

மருந்து லிஸ்ட்டில்தான் நான் கை வைத்தேன். கடல் நோய்க்கான மாத்திரையை வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டு என்ன பயன்? கிளம்பும் முன்பே போடணும். அந்தத் தீவுகளில் டெங்கு உண்டு. காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும், இபுபுரூஃபன் கூடாது. பவளப்பாறை கீறினால் சின்னக் காயம் என்று விடாதே, உடனே நன்றாகக் கழுவு. பாறையோரம் பிடிக்கிற பெரிய மீன்களில் சிகுவட்டேரா என்ற நஞ்சு இருக்கலாம். ருசியில் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. கிளம்பும் முன் பல் டாக்டரைப் பார். அக்கா கேட்ட வயிற்று வலி அப்பெண்டிக்ஸாக இருந்தால், சாட்டிலைட் போனில் டாக்டரைக் கேட்டு ஆன்டிபயாடிக் ஆரம்பி. அது கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். படகைக் கரைக்குத் திருப்பு.

"எல்லாம் எங்க வைக்கப் போற?"

"முன் கேபின்ல, பெரிய பெட்டியிலண்ணா. பூட்டி."

அப்போதுதான் அபிலாஷ் டோமி ஞாபகம் வந்தார். நம்ம கடற்படையில் கமாண்டராக இருந்தவர். 2018 செப்டம்பரில், உலகைத் தனியாகச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், இந்தியப் பெருங்கடலின் தெற்கே புயலில் அவர் படகு புரண்டது. பாய்மரம் ஒடிந்தது, முதுகெலும்பு முறிந்தது. நடக்க முடியவில்லை, சாப்பிடவோ குடிக்கவோ முடியவில்லை என்று செய்தி அனுப்பினார். அவசரப் பையை எடுப்பதே கஷ்டமாக இருக்கிறது என்றும். மொத்தப் படகே பத்து மீட்டர்தான் இருக்கும். மூன்று நாள் கழித்து பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது. (2023-இல் அதே பந்தயத்தை இரண்டாவதாக முடித்தார். அந்த மனுஷன் வேற ரகம்.)

இன்னொருவரும் ஞாபகத்துக்கு வந்தார். என் பேஷண்ட். நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க நான் எழுதிக் கொடுத்த மாத்திரை பீரோவில் இருந்தது. பீரோ சாவி, ஷிஃப்ட்டுக்குப் போன மருமகள் பையில். தாழ்வாரத்துக் கட்டிலிலேயே போய்விட்டார். மாத்திரை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா, சத்தியமாகத் தெரியாது. ஆனால் எத்தனை வேளை, எத்தனை மில்லிகிராம் என்று எழுதின நான், எங்கே வைப்பீங்க என்று கேட்கவே இல்லை.

தம்பியைப் படகுப் படுக்கையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னேன். இடுப்பை அசைக்காம கையை மட்டும் நீட்டு, எது எட்டுது?

"ஒண்ணும் எட்டலைண்ணா."

பெட்டியைப் பிரித்தோம். தண்ணீர் பாட்டில், ஓஆர்எஸ், வாந்தி மாத்திரை, வலி மாத்திரை, டார்ச், சாட்டிலைட் போன், விசில், எல்லாம் ஒரு தண்ணி புகாத பையில். ஆளுக்கொன்று, அவரவர் தலைமாட்டில் கொக்கி போட்டு மாட்டியாச்சு.

டோங்கா போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் வந்தது. முதல் மூணு நாள் படுக்கையை விட்டு எழவே முடியலை, பையிலிருந்த ஓஆர்எஸ்தான் காப்பாத்துச்சு, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணா என்று.

அக்கா ஃபேஸ்புக் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.